கறுப்புப் பனியனில் ஒரு முகம்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் நாற்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கைச்சேமிப்பில் ஒரு பகுதியை வங்கியில் போட்டுவிட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். பேச்சு பாட்டைப் பற்றியோ கூத்தைப் பற்றியோ இருக்க வேண்டும், ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து உட்காருகிற ஆளுக்கும் புரிய வேண்டும். இதற்கு முன் இந்த மேடையில் ஒயிலாட்டம் பற்றியும் அண்ணமார் சாமி கதைப் பாட்டு பற்றியும் பேசியிருக்கிறார்கள். ஒரு ராப் பாடகரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அவர் தமிழர் அல்லர். திருப்பூருக்கு வந்தவரும் அல்லர். ஆனால் அவர் முகம் திருப்பூருக்கு வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம். பெருமாநல்லூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தெரிந்த தம்பி ஒருவர் நடத்தும் பிரிண்டிங் பட்டறைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். நீள மேசையில் கறுப்புக் கட் பீஸ்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிரேமை வைப்பதும், ஸ்கீஜியால் மையை இழுப்பதும், அடுத்த பீஸுக்கு நகர்வதுமாக இருந்தார்கள். மை வெள்ளை. பிரேமைத் தூக்கும்போதெல்லாம் ஒரு முகம் எழுந்தது. தலைப்பாகை, முறுக்கிய மீசை, தாடி, நேராகப் பார்க்கும் கண். தாடியை அவர்கள் அச்சிடவே இல்லை. நெற்றியில், மூக்கில், கன்னத்து மேட்டில் வெளிச்சம் விழும் இடத்துக்கு மட்டும்தான் மை. மீதியெல்லாம் துணியின் கறுப்பு. துணியே முகமாகிக்கொண்டிருந்தது.

"யாரு தம்பி இது?" என்று கேட்டேன்.

"பஞ்சாப் பாட்டுக்காரருங்களாமாண்ணா. சுட்டுப் போட்டாங்களாமா. வடக்க இருந்து ஆர்டரு, ரெண்டாயிரம் பீஸு. அங்க பசங்க பூரா இதத்தான் போட்டுட்டுத் திரியறாங்களாமா."

அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, மாலைக்குள் லாரிக்குப் போக வேண்டிய சரக்கு. எனக்கு நேரம் இருந்தது. அந்த முகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மூன்று நான்கு வருடமாகப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் பெயர் சுப்தீப் சிங் சித்து. 1993 ஜூன் 11இல் பிறந்தவர். உலகம் அறிந்த பெயர் சித்து மூசேவாலா. மூசேவாலா என்றால் மூசா ஊர்க்காரன் என்று பொருள். கவுண்டம்பாளையத்துக்காரர், காங்கேயத்துக்காரர் என்று நாம் சொல்வோமே, அது போல. மேடைப் பெயர் வைத்துக்கொள்ளும்போது பாடகர்கள் ஒளியையும் வைரத்தையும் சிங்கத்தையும் தேடுவார்கள். இவர் தன் கிராமத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த மூசா, பஞ்சாபின் தென்கோடியில் மான்சா மாவட்டத்தில் இருக்கிறது. பஞ்சாப் என்றால் நமக்குக் கோதுமைதான் நினைவுக்கு வரும். மான்சாவும் பட்டிண்டாவும் பருத்தி மண். நம்முடைய நூற்பாலைகளுக்குக் குஜராத், மகாராஷ்டிரப் பருத்தி நிறைய வருவதால், பருத்தி விளைகிற ஊர் எப்படி இருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை. நூல் விலை ஏறினால் மட்டும் விழித்துக்கொள்கிறோம். 2015இல் வெள்ளை ஈ வந்து அந்த மாவட்டங்களின் பருத்தியை அழித்தது. 2021இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வந்தது. கடன், அதைத் தொடர்ந்து விவசாயிகள் தற்கொலை என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தச் செய்திகளில் மான்சாவின் பெயர் திரும்பத் திரும்ப வரும். பட்டிண்டா வழியாக ராஜஸ்தானின் பிக்கானேருக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஏறும் ரயிலுக்கு ஊரார் வைத்த பெயர் 'கேன்சர் ரயில்'. அந்த மண்ணில் பிறந்த பையன் என்ன பாடுவான் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் இன்ஜினீயரிங் படித்தது லூதியானாவில், குருநானக் தேவ் பொறியியல் கல்லூரியில். 2016இல் மின்னியல் படிப்பை முடித்தார். லூதியானா யாரென்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பனியன் என்றால் அவர்களுக்குக் கம்பளி, ஸ்வெட்டர், காலுறை. இந்தியாவின் பின்னலாடைக்கு இரண்டு முகம் உண்டென்றால் தெற்கில் நாம், வடக்கில் அவர்கள்.

இங்கே கொஞ்சம் விலகிப் போக அனுமதி கேட்கிறேன். லூதியானா என்றதும் எனக்கு இன்னொரு பாடகரைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. லூதியானாவை ஒட்டிய துக்ரி கிராமத்தில் 1960இல் பிறந்த தனி ராம். தலித் குடும்பம். எலெக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் துணி மில்லில் கூலி வேலைக்குப் போனார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாட்டு கட்டினார். பதினெட்டு வயதில், சுரிந்தர் ஷிந்தா என்ற புகழ்பெற்ற பாடகரைத் தேடிப்போய்த் தன் பாட்டுகளைக் காட்டினார். பிறகு ஒற்றைத் தந்தித் தும்பியைக் கையில் எடுத்து, அமர் சிங் சம்கீலா என்ற பெயரில் பஞ்சாபையே ஆட்டி வைத்தார். சம்கீலா என்றால் மினுங்குகிறவன். குடியும் கள்ள உறவும் வீட்டுச் சண்டையும் அவர் பாட்டில் உண்டு. ஆபாசம் என்று ஒரு கூட்டம் மிரட்டியது. பக்திப் பாட்டும் பாடிப் பார்த்தார். 1988 மார்ச் 8, பட்டப்பகல். மெஹ்சம்பூரில் கச்சேரிக்காகக் காரை விட்டு இறங்கியவரையும், உடன் பாடும் மனைவி அமர்ஜோத்தையும், குழுவினர் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 27. கொன்றது யாரென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2024இல் இம்தியாஸ் அலி எடுத்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த படம் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரிகிறது. துணி மில்லில் நின்ற ஒருவர் பாடகராகி, பாடப் போன இடத்திலேயே விழுந்து கிடந்தார் என்பதை, பவர் டேபிளில் உட்கார்ந்து பாடுகிற நம் பிள்ளைகளைத் தெரிந்த எவராலும் சாதாரணமாகப் படித்துவிட முடியாது.

சித்துவுக்கு வருகிறேன். கல்லூரி முடித்துக் கனடாவுக்குப் போனார். பிராம்ப்டன் நகரில் படிப்பு, பக்கத்திலேயே பாட்டு. 2017இல் 'சோ ஹை' என்ற பாட்டு அவரைத் தூக்கி நிறுத்தியது. ராப்பும் ஹிப்ஹாப் தாளமும் பஞ்சாபி நாட்டுப்புறக் குரலும் அவரிடம் ஒன்றாகக் கலந்தன. இந்த ஹிப்ஹாப் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் கேட்பீர்கள். 1973 ஆகஸ்ட் 11இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், உழைக்கும் குடும்பங்கள் குடியிருந்த அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஓர் இளம்பெண் பாட்டு விருந்து நடத்தினாள். அண்ணன் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். நுழைவுக் கட்டணம் வசூலித்தது எதற்குத் தெரியுமா? பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்க. ஹிப்ஹாப் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். உடுப்பு வாங்கக் காசில்லாத பிள்ளைகளின் வீட்டில் பிறந்த கலை இது. ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற நமக்கு இது அந்நியமாக இருக்க நியாயமில்லை.

கனடாவில் பேரும் பணமும் கிடைத்த பிறகு இவர் செய்ததுதான் என்னை இவரோடு கட்டிப்போட்டது. ஊருக்குத் திரும்பினார். மும்பைக்குப் போகவில்லை, டெல்லிக்குப் போகவில்லை. மூசாவுக்கே வந்தார். டிராக்டர் ஓட்டினார், வயலில் நின்றார். 5911 என்ற எண் கொண்ட ஹெச்எம்டி டிராக்டர் அவர் பாட்டைக் கேட்கும் எல்லாருக்கும் தெரியும். 2018 கடைசியில் அவருடைய தாயார் சரண் கவுர் மூசா ஊராட்சித் தலைவரானார். மகன் அவருக்காக ஓட்டுக் கேட்டார். 2020இல் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தபோது, 'பஞ்சாப்' என்ற பாட்டோடு அவர்கள் பக்கம் நின்றார். மத உணர்வைப் புண்படுத்தியதாகப் போடப்படும் வழக்குக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு எண்ணையே தலைப்பாக வைத்து '295' என்று பாடினார். தன் ஊரோடு, தன் மக்களோடு ஒட்டியே இருப்பேன் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது.

இப்போது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் புகழ்ந்தால் இறந்தவருக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மரியாதை இல்லை. அவர் பாட்டுகளில் துப்பாக்கி நிறைய. வேறொருவர் பாட அவர் எழுதிக் கொடுத்து வெளிவந்த முதல் பாட்டின் பெயரே 'லைசென்ஸ்', துப்பாக்கி உரிமம். 2020இல் துப்பாக்கி வன்முறையைத் தூண்டும் பாட்டு என்று ஒரு வழக்கு, ஊரடங்கு நேரத்தில் போலீஸ்காரர்களோடு நின்று ஏகே-47 சுட்ட வீடியோவுக்காக இன்னொரு வழக்கு. நிலம் வைத்திருக்கும் ஜாட் சாதியின் பெருமை அவர் பாட்டில் ஓங்கி ஒலிக்கும். பஞ்சாபில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தலித், பெரும்பாலானோர் நிலமற்றவர்கள். அவர்கள் காதில் அந்தப் பெருமை எப்படி விழுந்திருக்கும்? சட்டமன்றத் தேர்தலில் தோற்ற பிறகு, வாக்களித்த மக்களையே துரோகி என்கிற மாதிரி ஒரு பாட்டு வெளியிட்டுக் கண்டனத்துக்கு ஆளானார். இதையெல்லாம் நான் மூடி மறைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. காய்ப்புழு வந்தால் ஒரு சீசனில் மொத்தமும் போய்விடும் என்கிற ஊரில், படித்தவனெல்லாம் கனடா விசாவுக்குக் காத்திருக்கிற ஊரில், ஒரு இளைஞன் பாட்டுக்குள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவனுக்கு வேறு எந்தப் பலமும் கண்ணுக்குத் தெரியவில்லை. தப்புதான். அந்தத் தப்பை அவனோடு உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர்? ஒரு பக்கம் வழக்குப் போட்டார்கள், இன்னொரு பக்கம் கைதட்டினார்கள். நடுவில் நின்று, 'தம்பி, இந்த வரி வேண்டாம்' என்று சொல்ல ஊரில் ஒரு திண்ணை இல்லாமல் போய்விட்டது.

2021 டிசம்பரில் காங்கிரசில் சேர்ந்தார். 2022 பிப்ரவரியில் மான்சா தொகுதியில் நின்று 63,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். மே 15 அன்று 'தி லாஸ்ட் ரைடு', கடைசிப் பயணம், என்ற பாட்டை வெளியிட்டார். அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் தெருவில், காரில் உட்கார்ந்திருக்கும்போது சுடப்பட்டவர். 25 வயதில் இறந்தார். அந்தக் காரின் படம்தான் இந்தப் பாட்டின் முகப்பு. பாட்டு வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும், அதாவது 16, 17 தேதிகளில், நூல் விலை உயர்வை எதிர்த்து நாம் இங்கே கம்பெனிகளை அடைத்திருந்தோம். நினைவிருக்கும். பஞ்சு விலையைப் பற்றி நாம் தெருவில் நின்ற அந்த நாட்களில், பருத்தி நாட்டுப் பாடகர் ஒருவர் தன் சாவைப் போலவே ஒன்றைப் பாடி வைத்திருந்தார்.

மே 28. பஞ்சாப் அரசு 424 பேரின் போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது. பட்டியல் வெளியே கசிந்தது. சித்துவுக்கு இருந்த நான்கு காவலர்கள் இரண்டு பேரானார்கள். மே 29, ஞாயிறு மாலை, குண்டு துளைக்காத காரையும் மீதமிருந்த இரண்டு காவலர்களையும் விட்டுவிட்டு, ஓர் உறவினரோடும் ஒரு நண்பரோடும் தார் ஜீப்பில் கிளம்பினார். பக்கத்து ஜவஹர்கே கிராமத்தில் வழிமறித்து முப்பது ரவுண்டுக்கு மேல் சுட்டார்கள். உடன் போன இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் அவருக்கு 29 வயது முடிந்திருக்கும்.

லாரன்ஸ் பிஷ்னோய் கும்பலைச் சேர்ந்த, கனடாவில் இருந்த கோல்டி பிரார் இந்தக் கொலைக்குப் பொறுப்பேற்றார். 2021 ஆகஸ்டில் கொல்லப்பட்ட அகாலி தளக் கட்சியின் இளைஞர் தலைவர் விக்கி மிட்டுகேராவுக்குப் பழி என்றார். அந்தக் கொலையில் சித்துவுக்குப் பங்குண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சுட்டவர்களில் இரண்டு பேர் அந்த ஜூலையில் அட்டாரி அருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2024 மே மாதம் மான்சா நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. வழக்கு விவரம் இவ்வளவு போதும். கும்பல்காரர்களின் பெயரைப் பாடகரின் பெயரைவிட அதிகம் உச்சரிக்க எனக்கு மனமில்லை.

மே 31 அன்று உடலை அந்த 5911 டிராக்டரில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். சுடுகாட்டுக்குப் போகவில்லை. சொந்த வயலில் எரித்தார்கள். மான்சாப் பக்கம் மே கடைசி என்பது பருத்தி முளைத்து இலை விடும் காலம். ஜூன் 8இல் மான்சா தானியச் சந்தையில் நடந்த இறுதிப் பிரார்த்தனைக்குக் கூட்டம் கொள்ளவில்லை. அவர் முகம் போட்ட பனியனோடு இளைஞர்கள் வந்தார்கள். நம் பட்டறை மேசையில் நான் பார்த்த முகம் அதே வரிசையில் வந்ததுதான்.

பனியனில் முகமாகி முடிகிற கதை அவரோடு தொடங்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் நிப்சி ஹசில் என்ற ராப் பாடகர், தான் வளர்ந்த ஏழைத் தெருமுனையிலேயே 'மாரத்தான்' என்ற துணிக்கடை திறந்து, தெருப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார். கும்பல் சண்டையைத் தணிக்கப் போலீஸ் அதிகாரிகளோடு பேசுவதற்கு 2019 ஏப்ரல் 1 என்று நாள் குறித்திருந்தார். முந்தைய நாள், மார்ச் 31, அந்தத் துணிக்கடை வாசலிலேயே சுடப்பட்டார். வயது 33. அவரும் ஊரை விட்டுப் போகாதவர். கூப்பிடு தூரத்தில் இருப்பவனைத்தான் மக்கள் சொந்தக்காரன் என்று நினைக்கிறார்கள். குண்டும் அதே தூரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் பாடகன் ஊரை விட்டு ஓடிவிட வேண்டுமா? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் படுத்தியது. பதில் தேடி அமெரிக்காவுக்கோ டெல்லிக்கோ போக வேண்டியிருக்கவில்லை. அதே மான்சா மாவட்டத்தில், புர்ஜ் ஜப்பர் என்ற கிராமத்தில் இருந்தது.

பந்த் சிங். தலித் விவசாயக் கூலி. மஸ்தூர் முக்தி மோர்ச்சா என்ற கூலித் தொழிலாளர் சங்கத்தின் ஆள், பாடகர். புரட்சிக் கவிஞர் சந்த் ராம் உதாசியின் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடியவர். சிறுமியான தன் மகளுக்கு நேர்ந்த கொடுமைக்காக, வாயை மூடிக்கொள் என்ற ஆதிக்கச் சாதியினரின் மிரட்டலுக்குப் பணியாமல் நீதிமன்றம் போனார். குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். 2006 ஜனவரி 5 இரவு, வயல் வழியே பாடிக்கொண்டு வீடு திரும்பியவரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். இரண்டு கைகளையும் ஒரு காலையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே பாடினார். கைகளை இழந்த மனிதர், நாக்கு இருக்கிறது என்று பாடினார். மான்சாவில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சில ஆண்டு கழித்து டெல்லியில் இருந்து ராப், ரெகே கலைஞர்கள் சிலர் அவர் வீட்டுக்கே போய்த் தங்கி, அவர் குரலோடு தங்கள் தாளத்தைச் சேர்த்துப் பாட்டுப் பதிவு செய்தார்கள். மூசேவாலா பாட வருவதற்குப் பல ஆண்டு முன்பே மான்சாவில் ஹிப்ஹாப் ஒலித்தது, கையில்லாத ஒரு கூலிக்காரரின் முற்றத்தில்.

சித்துவையும் பந்த் சிங்கையும் தராசில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. ஒருவர் ஜாட், ஒருவர் தலித். ஒருவருக்குக் கோடிக்கணக்கில் கேட்பவர்கள், ஒருவருக்குச் சில ஆயிரம். ஆனால் அடிபட்ட அன்று பந்த் சிங்கைச் சுற்றி ஒரு சங்கம் இருந்தது. அந்த ஞாயிறு மாலை கிளம்பும்போது சித்துவைச் சுற்றி இருந்தது இரண்டே பேர். போலீஸ் கொடுத்த காவலரை எண்ணிக்கொண்டிருந்தோம், நான்கா இரண்டா என்று. அவர் பாட்டைக் கேட்ட கோடிப் பேரில், அவரோடு பேசவும் வாதாடவும் சேர்ந்து நிற்கவும் ஓர் அமைப்பாகத் திரண்டவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பாடகனைக் கும்பல் வந்து சேர்வது அந்த வெற்றிடத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊரைப் பாருங்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் அப்பா அதில் இருந்தவர். அடுப்பெரியாத நாள் உண்டு, பந்தலில் பாட்டில்லாத நாள் இல்லை என்பார். சினிமா மெட்டில் வரி கட்டுவார்களாம். ஒருவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'அது சரியில்லப்பா' என்று மாற்றுவாராம். முதலாளியைத் தனிப்பட்ட முறையில் அசிங்கமாகத் திட்டிய ஒரு வரியை வயதான அம்மா ஒருவர் எழுந்து நின்று நீக்கச் சொன்னாராம். நீக்கினார்களாம். அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்று நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. பாட்டும் குறையவில்லை. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தபோது இங்கே எத்தனை கைபேசியில் அது ஒலித்தது! 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறி, கானாவும் ராப்பும் சாதியைப் பேச முடியும் என்று காட்டியது. ராப் பாடகர் அறிவு போன்றவர்கள் அந்த மேடையில் இருந்து வந்தார்கள். ஆனால் நம் லைன் வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் பாட்டு இப்போது காதுக்குள் போய்விட்டது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஆறு பேர் காதிலும் ஆறு பாட்டு. ஒடியா இரண்டு, போஜ்புரி இரண்டு, தமிழ் இரண்டு. என் தெருவில் ஓவர்லாக் டெய்லர் பையன் ஒருவன் ராப் எழுதுகிறான். கட்டிங் மேசையில் மிஞ்சிய மார்க்கர் பேப்பரின் பின்பக்கம்தான் அவன் நோட்டு. கோடுகளுக்கு நடுவே வரிகள். ஒருநாள் என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். அன்று எனக்கு அவசர வேலை, நாளைக்கு வா தம்பி என்றேன். அவன் மறுபடி வரவில்லை. அந்த வரிகளில் துப்பாக்கி இருந்ததா, பீஸ் ரேட் இருந்ததா, ஒரு பெண் இருந்தாளா? அவன் ஒருவனிடம் மட்டும்தான் அந்தப் பதில் இருக்கிறது.

சித்து இறந்த பிறகு வந்த பாட்டு ஒன்று உண்டு. 2022 ஜூன் 23இல் வெளியான 'எஸ்ஒய்எல்'. சட்லெஜ் யமுனை இணைப்புக் கால்வாயின் சுருக்கப் பெயர் அது. 1982 ஏப்ரல் 8இல் கபூரி கிராமத்தில் இந்திரா காந்தி தொடங்கி வைத்த 214 கிலோமீட்டர் கால்வாய். பஞ்சாப் தண்ணீரை ஹரியானாவுக்குக் கொண்டுபோக வெட்டியது, இன்றுவரை தண்ணீர் ஓடவில்லை. காவிரிக்காக இரண்டு பக்கமும் என்னென்ன நடந்தது என்று தெரிந்த நமக்கு அந்தச் சண்டை புரியும். சில நாட்களிலேயே இந்தியாவில் அந்தப் பாட்டை யூடியூபில் தடுத்துவிட்டார்கள். 1990இல் கால்வாய்ப் பொறியாளர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றவரை அந்தப் பாட்டு போற்றுகிறது. தண்ணீருக்காகக் குரல் கொடுத்ததில் நான் அவரோடு நிற்கிறேன். வேலைக்குப் போன இரண்டு பொறியாளர்களின் பிணத்தைப் பெருமையாக்கியதில் நிற்க மாட்டேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் மூசாவுக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

இந்தப் பேச்சைத் தயாரிக்கும்போது அந்தப் பிரிண்டிங் பட்டறைக்கு மீண்டும் போனேன். தம்பிக்கு நான் கேட்டது நினைவிருந்தது.

"அந்த சர்தார் பாட்டுக்காரரு என்னத்தப் பாடுனாருங்கண்ணா?" என்றார்.

தண்ணீர்ப் பாட்டைச் சொன்னேன். மேசையில் கை ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றத்துக்கு நாம் மாறியதும் தெரியும்.

"எங்கப்பாரு அந்தத் தண்ணியில வெவசாயம் பாத்தவருங்கண்ணா. நாலு ஏக்கரா. மாட்டுக்குக் கூட ஆகாதுன்னு ஆயிப்போச்சு. அப்பறந்தான் நாங்க பனியனுக்கு வந்தோம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சாயத்தையும் பூசி, மையையும் பூசி, அதுலயே பொழைக்கறோம். அதத் திட்டவும் முடியல. எப்படிங்கண்ணா பாடறது அத?"

உள்ளே இருந்து பையன் குரல் கொடுத்தான், "அண்ணா, பிரேம்ல மை காயுது!"

அவர் எழுந்து போனார். ஈரத்துணியால் பிரேமின் அடிப்பக்கத்தைத் துடைத்து, புது மை ஊற்றி, நான்கு பீஸ் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பாட்டின் பெயரை மறுபடி சொல்லச் சொன்னார். மேசையில் கிடந்த டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு, மை படிந்த விரலால் பேனாவைப் பிடித்து எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, தன் ஊர்ப் பெயரையும் எழுதினார்.